‘ஸ்டீல் பேரல்’ என்று விற்பனைக்கு வந்த சிரக்யூஸ் இரட்டைக்குழல்: ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

நியூயார்க் மாநிலத்தின் சிரக்யூஸ், 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் இரட்டைக்குழல் துப்பாக்கிக்குப் பேர்போன ஊர். டான் லெஃபீவர் தொழில் நடத்தியது அங்கேதான். எல்.சி. ஸ்மித்தும் அங்கேதான் துப்பாக்கி செய்தார். பிறகு ஃபுல்டன் ஊர் ஹண்டர் சகோதரர்களிடம் அதை விற்றுவிட்டுத் தட்டச்சுப் பொறி செய்யப் போனார். இந்தப் பெரிய பெயர்களுக்கு நடுவே 1893இல் தொடங்கி 1905 வாக்கில் முடிந்துபோனது சிரக்யூஸ் ஆர்ம்ஸ் கம்பெனி. ஃபிராங்க் ஹாலன்பெக் வடிவமைத்த, குதிரை (தோட்டாவை வெடிக்கவைக்கத் தட்டும் சுத்தி) வெளியே தெரியாத இரட்டைக்குழல்தான் அதன் சரக்கு. ஹாலன்பெக் பின்னாளில் மேற்கு வர்ஜீனியாவுக்குப் போய் மூன்று குழல் துப்பாக்கி செய்தார்.

பன்னிரண்டே ஆண்டு வாழ்ந்த கம்பெனியின் துப்பாக்கியைச் சேகரிப்பவருக்கு ஒரு தனிச் சிக்கல் உண்டு. எல்.சி. ஸ்மித் என்றால் வயோமிங்கின் கோடி நகர அருங்காட்சியகத்தில் பழைய பேரேடுகள் இருக்கின்றன. வரிசை எண்ணைக் கொடுத்தால் எந்த நீளப் பேரல், எந்தத் தரம், எப்போது அனுப்பப்பட்டது என்று கடிதம் வரும். பார்க்கர் துப்பாக்கிக்கும் அப்படிக் கடிதம் வாங்கலாம். சிரக்யூஸ் ஆர்ம்ஸுக்கு அந்த வழி இல்லை. அதன் இரும்பும் மரமும் சொல்வதை மட்டுமே நம்பியாக வேண்டும். அவற்றை யாராவது ராவியோ சாயம் ஏற்றியோ அழித்துவிட்டால், அந்தத் துப்பாக்கிக்கு இருந்த ஒரே சாட்சியும் போய்விடும்.

இங்கே பதிவாகும் துப்பாக்கி 12 போர் (குழல் துளையின் அளவு), 30 அங்குலப் பேரல், சுட்ட தோட்டா உறையை வெளியே தள்ளும் எஜெக்டர் உள்ளது. விற்றவர் ஒஹாயோவில், காலமான கணவரின் பொருள்களை ஒழுங்குபடுத்திக்கொண்டிருந்தவர். வாங்கியவர் பென்சில்வேனியாவில் இருக்கும் சேகரிப்பாளர். சிரக்யூஸ் ஊர்த் துப்பாக்கிகள் நான்கு ஏற்கெனவே அவரிடம் இருந்தன. கேட்ட விலை 850 டாலர். விவரத்தில் ‘ஸ்டீல் பேரல், நல்ல நிலை, சுடலாம்’ என்று இருந்தது.

படத்தில் தெரிந்தவை

அனுப்பிய ஒன்பது படங்களில் இரண்டு விஷயங்கள் உறுத்தின. ஒன்று, பேரல் நிறம். நூறு ஆண்டு தாண்டிய துப்பாக்கியில் கை படும் இடம் வெளுத்தும் படாத இடம் கருத்தும்தான் இருக்கும். இதில் முனை முதல் அடி வரை ஒரே சீரான, பளபளப்பான கருநீலம். இரண்டு, குழல்களுக்கு நடுவே மேலே பற்றவைத்த மேல்பட்டையும் பேரலும் சேரும் கோட்டில் சுண்ணாம்புத் தூள் போல வெள்ளைப் படிவு. படத்தில் அது தூசி என்றே தோன்றியது.

நல்லவையும் இருந்தன. திருகாணித் தலைகளின் பிளவுகள் சிதையாமல் இருந்தன. மேல் நெம்புகோல் நடுக்கோட்டுக்குச் சற்று வலப்பக்கமே நின்றது. பூட்டு தேயத் தேய அது இடப்பக்கம் நகரும். வலப்பக்கம் நின்றால் உள்ளே தேய்மானம் குறைவு என்று பொருள்.

1898 என்ற கோடு

அமெரிக்காவின் 1968 துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டப்படி, 1898இலோ அதற்கு முன்போ செய்யப்பட்டது ‘பழம்பொருள்’. மத்தியச் சட்டத்தின் கட்டுப்பாடுகள் பெரும்பாலும் அதைத் தொடுவதில்லை. 1899 ஜனவரியில் செய்யப்பட்டது என்றால் அது இன்றைய துப்பாக்கியோடு ஒரே வரிசையில் வந்துவிடும். சிரக்யூஸ் ஆர்ம்ஸின் வாழ்நாளை அந்தக் கோடு சரிபாதியாக வெட்டுகிறது.

சேகரிப்பாளர்கள் வரிசை எண்களை ஒப்பிட்டு வைத்திருக்கும் கணக்கில் இந்தத் துப்பாக்கி கோட்டின் மேலேயே விழுந்தது. முந்தியதாகவும் இருக்கலாம், பிந்தியதாகவும் இருக்கலாம். பொறித்திருந்த காப்புரிமைத் தேதி உதவவில்லை. அந்தத் தேதிக்கு முன் செய்யப்படவில்லை என்பதை மட்டுமே அது காட்டும். அதற்குப் பின் எத்தனை ஆண்டு கழித்துச் செய்தார்கள் என்று சொல்லாது. இதைப் புரியாமல் காப்புரிமை ஆண்டையே பிறந்த ஆண்டாக எழுதி விற்பவர்கள் ஏராளம்.

எடுத்த முடிவு: நிரூபிக்க முடியாததால் இதைப் பழம்பொருளாகக் கொள்வதில்லை. உரிமம் இல்லாத இருவர் மாநிலம் தாண்டி இன்றைய துப்பாக்கியை நேரடியாகக் கைமாற்றக் கூடாது. எனவே வாங்குபவரின் மாநிலத்தில் உரிமம் உள்ள டீலர் வழியாக வரவேண்டும், மத்திய அரசின் 4473 படிவம் நிரப்ப வேண்டும், பின்னணிச் சோதனை நடக்க வேண்டும்.

கன்ஸ்மித்தாகவும் (துப்பாக்கி பழுதுபார்ப்பவராகவும்) இருக்கும் ஒரு டீலரின் முகவரிக்கு அனுப்பச் செய்ததுதான் இந்த வழக்கின் ஆகச் சிறந்த முடிவு. படிவத்தில் கையெழுத்துப் போடும் முன், துப்பாக்கி டீலரின் பதிவேட்டில் இருக்கும்போதே எல்லா அளவும் எடுக்கலாம். பிடிக்கவில்லை என்றால் டீலரே அதை அனுப்பியவருக்குத் திருப்பி அனுப்பச் சட்டத்தில் இடம் உண்டு. கையெழுத்துப் போட்டு வீட்டுக்கு எடுத்துப்போன பிறகு மனம் மாறினால், ஒஹாயோவில் இன்னொரு டீலரைத் தேட வேண்டியிருக்கும்.

அளவெடுப்பு

முதலில் எண்கள். பேரலைத் தாங்கி, பூட்டும் விசையும் அடங்கிய இரும்புப் பகுதி ஆக்‌ஷன்; பேரலுக்கு அடியில் இடக்கை பிடிக்கும் மரம் முன்கட்டை. ஆக்‌ஷனின் தட்டைப் பரப்பு, பேரலின் அடிப்பக்கம், முன்கட்டையின் இரும்பு ஆகிய மூன்றிலும் ஒரே வரிசை எண். பேரல் வேறு துப்பாக்கியிலிருந்து வந்ததல்ல.

நீளம் 30 அங்குலம். முனையில் இரண்டு பேரல்களும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருந்தன. வெட்டிக் குறைத்த பேரலில் அந்த இடத்தில் இடைவெளி தெரியும், அதை ஈயத்தாலோ இரும்புத் துண்டாலோ அடைத்திருப்பார்கள். இங்கே அது இல்லை.

அடுத்தது பேரல் அடிப்பக்கம். முன்கட்டையைக் கழற்றி, தட்டைப் பரப்பை அசிட்டோன் நனைத்த துணியால் துடைத்து, பத்து மடங்கு லென்ஸில் பார்த்தபோது விஷயம் வெளியே வந்தது. சாயம் சரியாகப் பிடிக்காத ஒரு விரல்நுனி அகலத்தில், சாம்பலும் வெள்ளியுமாகச் சுருண்டு சுருண்டு போகும் மெல்லிய வரிகள். ஒவ்வொரு சுருளும் கடுகு அளவு. சிக்குக் கோலத்தின் இழை போல ஒரு வரிசை முடியும் இடத்தில் அடுத்தது எதிர்த்திசையில் திரும்பியது. ‘ஸ்டீல் பேரல்’ என்று சொன்னது டமாஸ்கஸ் பேரல். விற்றவர் பொய் சொல்லவில்லை. கறுப்பாக இருந்ததைப் பார்த்து ஸ்டீல் என்று நினைத்திருக்கிறார்.

தமிழ் வாசகர் இங்கே ஒன்றைப் பிரித்து அறிய வேண்டும். டமாஸ்கஸ் என்றதும் நம் ஊர் உருக்கு, கொடுமணல் என்று நினைவு ஓடும். அது மூசையில் உருக்கி எடுத்த எஃகு, வாளுக்குப் போனது. துப்பாக்கிப் பேரலின் டமாஸ்கஸ் வேறு. இரும்புப் பட்டையையும் எஃகுப் பட்டையையும் மாற்றி மாற்றி அடுக்கி, உலையில் ஒட்டி, கம்பியாக்கி, முறுக்கி, அப்படிப்பட்ட இரண்டு மூன்று கம்பிகளைச் சேர்த்து ஓர் உருளைமேல் சுற்றி, சம்மட்டியால் அடித்து இணைத்தது. அமெரிக்கத் தயாரிப்பாளர்களில் பெரும்பாலோர் இந்தக் குழல்களை பெல்ஜியத்தின் லியேஜ் பகுதியிலிருந்து வரவழைத்தார்கள். பேரல் முழுக்க நூற்றுக்கணக்கான ஒட்டுகள் உண்டு. ஒட்டின் இடுக்கில் துரு புகுந்தால் வெளியே தெரியாது.

பிறகு ஒலிச் சோதனை. பேரலை மட்டும் கழற்றி, அடிக் கொக்கியில் கம்பி மாட்டித் தொங்கவிட்டு, மரக் குச்சியால் தட்ட வேண்டும். பட்டை இறுக்கமாக இருந்தால் வெண்கல மணி போல ரீங்காரம் நீளும். இதில் சட்டியைத் தட்டிய சத்தம் வந்து உடனே நின்றது. பேரலை இளஞ்சூட்டில் வைத்துப் பட்டையின் ஓரமாக ஆல்கஹால் தடவியபோது, கீழ்ப்பட்டையில் முன்கட்டை மாட்டும் கண்ணிக்கு முன்னால் சுமார் 4 அங்குல நீளத்துக்குக் குமிழி எழும்பியது. அங்கே ஈயப் பற்று விட்டிருந்தது.

துளை அளவுகளை லேத் பட்டறை வழக்கப்படி ‘தவு’வில் சொல்வதே எளிது. ஒரு தவு என்பது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு. 12 போரின் இயல்பான துளை 729 தவு. வலப் பேரல் 731, முனையில் 695. அதாவது சோக் (முனையில் துளை குறுகும் அளவு) 36 தவு, அந்தக் காலத்து முழுச் சோக்குக்குச் சரியான அளவு. இடப் பேரல் 745, முனையில் 695. சோக் 50 தவு! எந்தத் தொழிற்சாலையும் அப்படித் துளைத்து அனுப்பியிருக்காது. யாரோ உள்ளே இருந்த துருக்குழிகளை எடுக்க, சோக்குக்கு முன்பு வரை ராவி அகலப்படுத்தியிருக்கிறார்கள். முனையை மட்டும் தொடவில்லை. கண்ணாடி போல மின்னும் துளையைப் பார்த்து மகிழ்வதற்கு முன் இந்தக் கழித்தலைச் செய்துபார்க்க வேண்டும்.

துளை 14 தவு பெருத்தது என்றால் சுவரில் எல்லாப் பக்கமும் 7 தவு போயிற்று. சுவர்த் தடிமனை அளக்கும் கேஜில் வலப் பேரலின் மெலிந்த இடம் 27 தவு. இடப் பேரலில், அடியிலிருந்து 11 அங்குலத்தில் 19 தவு, அரை மில்லிமீட்டருக்கும் குறைவு. பொதுவாக 20 தவுதான் கடைசி எல்லை என்று கொள்வார்கள், பலர் 25க்குக் கீழே போகவே மாட்டார்கள். அதோடு, அடியிலிருந்து 11 அங்குலம் என்பது சுடுபவரின் இடக்கை பிடிக்கும் இடத்துக்குப் பக்கம்.

தோட்டா அறை இரண்டும் 2⅝ அங்குலம், பழைய அளவு. இன்றைய 2¾ அங்குலத் தோட்டா இதில் தடையில்லாமல் இறங்கும். காரணம், தோட்டாவின் நீளம் என்று சொல்வது வெடித்து வாய் விரிந்த பிறகான நீளம். வெடிக்கும்போது அந்த வாய் முன்னே குறுகும் கூம்பில் போய் விரிகிறது, அழுத்தம் ஏறுகிறது. இன்றைய 12 போர் 2¾ அங்குலத் தோட்டாவுக்கு அனுமதித்த உச்ச அழுத்தமே 11,500 பிஎஸ்ஐ (ஒரு சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு அழுத்தம்). கறுப்பு மருந்துக்காக (புகை மிகுந்த பழைய வெடிமருந்து) செய்த பேரலுக்கு அதுவே மிகை.

மூடிப் பார்த்ததில் பேரலுக்கும் ஆக்‌ஷன் முகத்துக்கும் இடையே 3 தவு. முன்கட்டை இல்லாமல் ஆட்டியபோதும் அசைவு இல்லை. பூட்டு நல்ல நிலை. இடப்பக்க எஜெக்டர் வேலை செய்யவில்லை, அதன் வில் உடைந்திருந்தது. பின்கட்டையில் ஆக்‌ஷன் வாலுக்குப் பின்னால் மயிரிழை விரிசல்.

என்ன நடந்திருக்கும்

தடயங்களைச் சேர்த்தால் ஒரே கதைதான் வருகிறது. கறுப்பு மருந்தின் கசடு ஈரத்தை உறிஞ்சி, இடப் பேரலில் குழி விழுந்தது. ஒருவர் அதை ராவினார். அவரோ பின்வந்தவரோ, வெளியே மங்கிய டமாஸ்கஸைப் ‘புதுசாக்க’ இன்றைய துப்பாக்கிக்குச் செய்யும் சூடான உப்புக் குளியலில் பேரலை அமிழ்த்தினார்.

அந்தக் குளியல் காஸ்டிக் சோடாவும் நைட்ரேட்டும் கலந்தது. கொதிநிலை 140 டிகிரி செல்சியஸ் சுற்றில். ஈயமும் வெள்ளீயமும் கலந்த பற்று உருகத் தொடங்கும் வெப்பம் 183 டிகிரி. ‘உருகாதே, பிறகென்ன’ என்று பலர் நினைப்பது இதனால்தான். பற்று உருகுவதில்லை. காஸ்டிக் அதை அரித்துத் தின்கிறது. பட்டைக்கு உள்ளே புகுந்த உப்பு வெளியே வர வழியில்லாமல் அங்கேயே தங்கி, ஈரக் காற்று படும்போதெல்லாம் வெள்ளையாகப் பூக்கிறது. படத்தில் தூசி என்று தோன்றியது அதுதான்.

முடிவுகளும் காரணங்களும்

இதைச் சுடுவதில்லை. இது டமாஸ்கஸ் என்பதால் மட்டும் எடுத்த முடிவல்ல. இங்கிலாந்தின் சோதனைச் சாலைகளில் டமாஸ்கஸ் பேரல்கள் புகையில்லா மருந்துக்கே தேறியிருக்கின்றன. 19 தவுச் சுவரும் விட்டுப்போன பற்றும் சேர்ந்ததே காரணம். அறையில் மட்டும் பொருந்தும் 20 போர் செருகுகுழல் போட்டுச் சுடலாமே என்ற யோசனையும் வந்தது. மெலிந்த இடம் அந்தச் செருகுகுழலுக்கு முன்னால் இருக்கிறது. எனவே பயனில்லை.

கறுப்புச் சாயத்தை நீக்கி டமாஸ்கஸ் வரிகளை மீட்பதில்லை. மனம் மிகவும் இழுத்தது அதற்குத்தான். அந்த வரிகள் அவ்வளவு அழகு. ஆனால் சாயத்தை எடுக்க அமிலம் வேண்டும், அது விட்டுப்போன பட்டைக்குள் புகும். பிறகு மெருகேற்றினால் இன்னும் ஒன்றிரண்டு தவு போகும். 19இல் அதற்கு இடமில்லை.

பட்டையைக் கழற்றி மறுபடி பற்றவைப்பதில்லை. கேட்ட கூலி துப்பாக்கியின் மதிப்பைத் தாண்டியது. ஆனால் உள்ளே இருக்கும் உப்பை விட்டுவைக்கவும் முடியாது, அது தொடர்ந்து தின்றுகொண்டே இருக்கும். ஆகவே கழுவி நிறுத்துவது மட்டும்.

ஆக்‌ஷனுக்கு நிறமேற்றுவதில்லை. முன்கட்டைக்கு அடியில் எலும்புக்கரியோடு சூடேற்றி வந்த பழைய நிறம் கொஞ்சம் எஞ்சியிருந்தது. மறுபடி சூடேற்றினால் அது போவதோடு ஆக்‌ஷன் வளையவும் கூடும்.

அளவுகளையும் லென்ஸ் வழியே எடுத்த படங்களையும் எழுத்தில் விற்றவருக்கு அனுப்பி, 325 டாலர் சொல்லப்பட்டது. இல்லையென்றால் வாங்குபவர் செலவிலேயே திருப்பி அனுப்புவதாகவும் சொல்லப்பட்டது. அவர் இரண்டு நாள் யோசித்து, வேறொரு கன்ஸ்மித்திடம் அந்தத் தாளைக் காட்டிக் கேட்டுவிட்டு, ஒப்புக்கொண்டார். அனுப்பிய செலவு 65, டீலர் கட்டணம் 40, அளவெடுப்பு 90. மொத்தம் 520 டாலர்.

செய்த வேலையும் அதில் வந்த தவறும்

முதல் கழுவல் தோற்றது. பேரலைக் காய்ச்சி வடித்த நீரில் ஒரே முறை அரை மணி நேரம் கொதிக்கவிட்டு, துடைத்து, எண்ணெய் போட்டு வைத்தார்கள். மூன்றாவது வாரம் அதே கோட்டில் வெள்ளை மறுபடி பூத்தது. ஒரே நீரில் கொதித்தால், வெளியே வந்த உப்பு அந்த நீரிலேயே நின்று, பேரல் ஆறும்போது நீரோடு உள்ளே திரும்பிப் போகிறது. எண்ணெய் அதன்மேல் மூடி போட்டதுதான் மிச்சம்.

இரண்டாம் முறை, முதலில் அசிட்டோனால் எண்ணெய் எடுக்கப்பட்டது. பிறகு ஒவ்வொரு முறையும் புது நீரில், ஒவ்வொன்றும் 40 நிமிடம், நான்கு கொதி. ஒவ்வொரு கொதிக்குப் பின்னும் பேரலைச் செங்குத்தாக நிறுத்தி, பட்டை ஓரத்தில் வடிந்த துளியைக் கண்ணாடியில் எடுத்து ஒரு சொட்டு ஃபினால்ப்தலீன் (காரம் இருந்தால் இளஞ்சிவப்பாகும் திரவம்) விட்டார்கள். முதல் துளி அடர் இளஞ்சிவப்பு. மூன்றாவதில் மங்கல். நான்காவதில் நிறமே இல்லை. அதன்பின் 110 டிகிரி அடுப்பில் 3 மணி நேரம். நீர் ஆவியாக அது போதும், பற்று உருகும் வெப்பத்துக்கு வெகு தூரம். சூடு தணியும் முன்பே நீரை வெளியேற்றும் எண்ணெயைப் பட்டை ஓரமாக ஊறவிட்டு, முனை கீழே இருக்க ஒரு நாள் தொங்கவிட்டார்கள்.

பின்கட்டை விரிசலில் பல ஆண்டு எண்ணெய் ஊறியிருந்தது. எண்ணெய் மரத்தில் எந்தப் பசையும் பிடிக்காது. அசிட்டோனில் குழைத்த சுண்ணப் பொடியை அப்பி, காய்ந்ததும் தட்டி எடுத்து, பொடி பழுப்பாவது நிற்கும்வரை ஆறு முறை செய்தபின் மெல்லிய எபாக்ஸி விடப்பட்டது. எஜெக்டர் வில்லைப் புதிதாகச் செய்யவில்லை. உடைந்த துண்டுகள் பையில் போட்டுக் குறிக்கப்பட்டன. நாளை இன்னொரு சிரக்யூஸுக்கு வில் செய்ய அவையே அளவு மாதிரி.

பின்விளைவு

ஓராண்டும் நான்கு மாதமும் கழித்துப் பார்த்ததில் வெள்ளைப் பூ திரும்பவில்லை. குமிழி எழுந்த நீளமும் 4 அங்குலத்தைத் தாண்டவில்லை. பதினோரு அங்குலப் புள்ளியில் சுவர் 19 தவுவாகவே இருந்தது.

வரிசை எண், காப்புரிமைப் பொறிப்பு, பட்டையின் வடிவம், எஜெக்டர் வகை ஆகியவை வேறு மூன்று சேகரிப்பாளர்களின் சிரக்யூஸ் துப்பாக்கிகளோடு ஒப்பிடப்பட்டன. செய்த ஆண்டு இன்னும் சுருங்கவில்லை. சட்டப்படி அது இன்றைய துப்பாக்கியாகவே பதிவில் இருக்கிறது.

அடுத்த முறை மாற்ற வேண்டியவை

வாங்கியவர் இப்போது சேகரிப்பாளர் உரிமம் எடுத்திருக்கிறார். மூன்று ஆண்டுக்கு 30 டாலர். 50 ஆண்டு தாண்டிய துப்பாக்கியை மாநிலம் கடந்து தம் முகவரிக்கே பெற அது போதும், 1898 கேள்வியோடு மல்லுக்கட்ட வேண்டியதில்லை. ஆனாலும் அளவெடுப்பு கன்ஸ்மித் மேசையிலேயே நடக்க வேண்டும் என்பதை அவர் மாற்றவில்லை.

படத்தைப் பார்த்ததுமே இரண்டு கூடுதல் படங்கள் கேட்டிருக்க வேண்டும்: முன்கட்டை கழற்றிய பேரலின் அடிப்பக்கம், பக்கவாட்டு வெளிச்சத்தில்; பட்டை ஓரம், மிக அருகில். டமாஸ்கஸ் என்பதும் உப்பு என்பதும் அனுப்பும் முன்பே தெரிந்திருக்கும், 65 டாலரும் மூன்று வாரமும் மிஞ்சியிருக்கும்.

கழுவலில், முதல் கொதியிலேயே ஃபினால்ப்தலீன் துளியைப் பார்க்க வேண்டும். நேரத்தைக் கணக்கு வைத்து நிறுத்தியதுதான் தவறு.

இரண்டு பேரல்களின் தடிமனும் ஒவ்வொரு இரண்டு அங்குலத்துக்கும் ஓர் எண்ணாக ஓர் அட்டையில் பென்சிலால் எழுதப்பட்டு, துப்பாக்கியோடு உறையில் இருக்கிறது. சுடும் ஊசிகள் இரண்டும் கழற்றித் தனிப் பையில் உள்ளன. விசைக் காப்பில் பித்தளைக் கம்பியால் ஒரு சீட்டு கட்டியிருக்கிறது: ‘டமாஸ்கஸ். இடது 19 தவு. சுடக் கூடாது.’